மூன்றாவது சக்கரத்தின் வரலாறு

மாதுங்காவில் வாடகை வண்டி வேண்டிக் கை காட்டினால் வந்து நிற்பது நான்கு சக்கர டாக்சியே ஆகும். தாராவியை ஒட்டிய சயானைக் கடந்து செம்பூர்ப் பக்கம் சென்றாலோ, ஆட்டோ ரிக்‌ஷாக்களே தெருவை ஆளுகின்றன. மும்பையின் தீவு நகரப் பகுதியில் ஆட்டோக்களுக்கு அனுமதி இல்லை. புறநகரங்களே அவற்றின் ஆட்சி எல்லை. இந்த எல்லையை நாள்தோறும் கடந்து செல்லும் நாம், அந்த முச்சக்கர வண்டி எங்கிருந்து வந்தது, அதை ஓட்டுகிறவன் எதைக் கற்றான், எதை மறந்தான் என்று எண்ணிப் பார்ப்பது அரிது.

மூன்று சக்கரம் என்பது நேற்றைய யோசனை அன்று. 1769-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டுப் படைப் பொறியாளர் க்யூனோ என்பவர் பீரங்கி இழுப்பதற்காக அமைத்த நீராவி வண்டிக்கு முன்னால் ஒரே சக்கரம்தான் இருந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமம் பெற்ற மோட்டார் வண்டியும் மூன்று சக்கர வண்டியே. முன்னிரு சக்கரங்களையும் ஒத்திசைவாகத் திருப்புவது அக்காலத்தில் கடினமாயிருந்தது. ஒற்றைச் சக்கரத்தைத் திருப்புவது எளிது. எளிமையும் மலிவும் கருதியே மூன்றாவது சக்கரம் பிறந்தது என்று நாம் கொள்ளலாம்.

நமது தெருவில் ஓடும் ஆட்டோவின் நேரான முன்னோரை இத்தாலியில் காண்கிறோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், விமானத் தொழிலில் தேர்ந்த பொறியாளரான கொர்ராதினோ தஸ்கானியோ, பியாஜியோ நிறுவனத்துக்காக 1946-இல் வெஸ்பா ஸ்கூட்டரை உருவாக்கினார். வெஸ்பா என்றால் குளவி. அதே ஸ்கூட்டரின் முன்பகுதியோடு பின்னால் இரு சக்கரங்களையும் சுமைத் தட்டையும் இணைத்து, 1948-இல் 'ஆப்பே' என்னும் வண்டி வெளிவந்தது. அச்சொல்லுக்குத் தேனீ என்று பொருள். போரினால் வறுமையுற்ற நாட்டில் கார் வாங்க இயலாத சிறு வியாபாரிக்கு அது கைகொடுத்தது.

அதே 1948-இல் பச்ராஜ் டிரேடிங் கார்ப்பரேஷன் இவ்வகை இரு சக்கர, முச்சக்கர வண்டிகளை இந்தியாவில் இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. பின்னாளில் பஜாஜ் ஆட்டோ என்று பெயர் பெற்றது இந்நிறுவனமே. 1959-இல் அவற்றை உள்நாட்டிலேயே தயாரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. தில்லியிலோ, போருக்குப் பின் கைவிடப்பட்ட கனத்த மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் பயணிகள் அமரும் பெட்டியைப் பொருத்தி, 'பட்பட்டி' என்று மக்கள் அழைத்த வண்டிகளை ஓட்டினர். தில்லித் தமிழர்களில் மூத்தோர் அதன் ஓசையை மறந்திருக்கமாட்டார்கள். புகை மாசு காரணமாக 1998-இல் அவை நிறுத்தப்பட்டன.

இந்த வரலாற்றில் ஒரு பொது இழை உண்டு. வெஸ்பா, ஆப்பே, பட்பட்டி, ஆட்டோ ஆகிய அனைத்துக்கும் கைப்பிடி ஒன்றே. கைப்பிடியைக் கண்டதும் இரு சக்கர வண்டி பழகியவன், இதுவும் நம் வண்டிதான் என்று எண்ணுகிறான். அபாயம் அவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

இரு சக்கர வண்டி வேகமாகச் செல்லும்போது இடப்புறம் திரும்ப வேண்டுமானால், ஓட்டுகிறவன் தன்னை அறியாமலே கைப்பிடியைக் கணநேரம் வலப்புறம் திருப்புகிறான். வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்தபின்பே திரும்புகிறது. விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதைச் செய்துகொண்டே, செய்வதை உணராதிருக்கிறார்கள் என்பதை அவர்களுள் வில்பர் ரைட் கவனித்துக் கூறியிருக்கிறார். மூன்று சக்கர வண்டியோ சாயாது. கைப்பிடி வலப்புறம் திரும்பினால் வண்டியும் வலப்புறமே செல்லும். ஆகவே பழக்கத்தின் வசமாக இடக்கைப்பிடியை முன்னே தள்ளுகிறவன், இடப்புறம் போக நினைத்து எதிர்ப்புறம் போய்விடுகிறான். பல ஆண்டுத் தேர்ச்சியே அவனுக்குப் பகையாகிறது.

இரண்டாவது, கவிழும் தன்மை. முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக உள்ள வண்டி தரையில் ஒரு முக்கோணத்தின் மேல் நிற்கிறது. வளைவில் விரைந்து செல்லுகையில் பிரேக்கை அழுத்தினால், பாரமெல்லாம் குறுகிய முன்முனையை நோக்கிப் பாய்கிறது. வண்டி வளைவின் வெளிப்புறமாகச் சரிகிறது. எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் நிதானமாகச் செல்வதே முறை. இங்கிலாந்தில் மார்கன் நிறுவனம் 1910-ஆம் ஆண்டுவாக்கில் முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று அமைத்தது இக்குறையைத் தணிக்கும் ஒரு வழி. அமெரிக்காவில் காடு மேடுகளில் ஓட்டுவதற்கென விற்ற மூன்று சக்கர வண்டிகள் பலரை, குறிப்பாகச் சிறுவர்களை, விபத்துக்குள்ளாக்கின. 1988-இல் அரசின் தலையீட்டால் அவ்வகைப் புதிய வண்டிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது.

பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளின் குணம் இன்னும் விந்தையானது. 1975-இல் வந்த 'ஷோலே' படத்தில் இரு நண்பர்கள் அத்தகைய வண்டியில் செல்வதைக் கண்டு களித்தோம். நம் நாட்டில் பெட்டி இடப்பக்கம் இருக்கும். வேகத்தைக் கூட்டினால் பெட்டி பின்தங்கி வண்டியை இடப்புறம் இழுக்கும். பெட்டிச் சக்கரத்துக்குத் தனி பிரேக் இல்லையெனில், பிரேக் பிடிக்கும்போது பெட்டி முன்னே உந்தி வலப்புறம் தள்ளும். வெறும் பெட்டியோடு இடப்புறம் வேகமாகத் திரும்பினால் பெட்டியின் சக்கரம் தரையைவிட்டு எழும்.

மூன்றாவது, சாலையின் பள்ளங்கள். மும்பையின் மழைக்காலம் எதைத் தருமோ இல்லையோ, பள்ளங்களைத் தவறாது தரும். இரு சக்கர வண்டிக்கு ஒரே தடம். முன்சக்கரம் தப்பினால் பின்சக்கரமும் தப்பும். ஆட்டோவுக்கோ மூன்று தடங்கள். முன்சக்கரத்தைப் பள்ளத்திலிருந்து விலக்கியவன், பின்சக்கரம் ஒன்றை அதே பள்ளத்தில் இறக்கிவிடுவது உண்டு. இடைவெளி கண்டு நுழைகிற ஸ்கூட்டர்க்காரனின் கணக்கும் இங்கே பிழைபடும்; பின்புறத்தின் அகலம் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஸ்கூட்டரில் வலக்கை விரல்கள் முன் பிரேக்கைத் தேடும். ஆட்டோவிலோ வலக்காலின் மிதியே பிரேக். இடக்கையால் முறுக்கி கியர் மாற்றும் பழைய வெஸ்பா முறை மட்டும் ஆட்டோவில் நிலைத்திருக்கிறது.

இவை வெறும் பொறியியல் நுட்பங்கள் அல்ல. ஊரைவிட்டு வந்து பிழைப்புத் தேடும் இளைஞனுக்கு ஆட்டோ ஒரு வாழ்வு. அவன் பின்னால் அமர்பவர்கள் பள்ளிக் குழந்தைகளும் முதியோருமாவர். தமிழ்நாட்டிலோ, கால் இயலாத அன்பர்களுக்குப் பின்சக்கரங்கள் கூட்டிய ஸ்கூட்டர்களை அரசு வழங்கி வருகிறது. அவற்றை முதல்முதல் ஓட்டுகிறவரும், அவருக்குக் கற்றுக்கொடுக்க முன்வரும் இரு சக்கர வண்டி தெரிந்த உறவினரும் இதே பாடத்தைப் படிக்க வேண்டியவர்களே. நிற்கும்போது தரையில் கால் ஊன்றலாகாது. பின்சக்கரம் அக்காலின் மேல் ஏறக்கூடும்.

ஆதலால் முச்சக்கர வண்டியைப் புதிதாகக் கையில் எடுப்பவர், திறந்த வெளியில், ஆளில்லாத இடத்தில், மெதுவாகச் சில நாள் பழகுவது நன்று. தள்ளாமல் திருப்புதல், வளைவுக்கு முன் வேகம் தணித்தல், பின்சக்கரங்களின் அகலத்தை மனத்தில் கொள்ளுதல் ஆகிய மூன்றும் கைவந்தபின் தெருவுக்கு வரலாம். இரு சக்கரம் நமக்குச் சாய்ந்து செல்லக் கற்றுக்கொடுத்தது. மூன்றாவது சக்கரம் நிமிர்ந்து செல்லக் கற்கச் சொல்கிறது. அறிந்ததை வேண்டுமிடத்தில் விட்டுக்கொடுக்கும் பணிவும் கல்வியில் சேர்ந்ததே.