வாஃபிள்

தேனடையை உற்றுப் பாருங்கள்: வரிசை வரிசையாகக் குழிகள். வாஃபிளின் முகமும் அதுதான், பெயரும் அதுதான்.

டச்சு மொழியின் 'வாஃபெல்' ஆங்கிலத்தில் 'வாஃபிள்' ஆனது. 1725-இலேயே ஆங்கிலச் சமையல் நூலில் அச்சேறிவிட்டது. ஜெர்மன் மொழியில் தேனடைக்குப் பெயர் 'வாபெ'. இரண்டும் பங்காளிச் சொற்கள். 'வேஃபர்' பிஸ்கட்டும் இந்தக் குடும்பமே. பிரெஞ்சுக்காரர்களிடம் போனதும் 'வ' போய் 'க' வந்தது: 'கோஃப்ர்'. அது தேனடையையும் குறிக்கும். அப்படியிருக்க, இதன்மேல் தேன் ஊற்றுவதைக் கூறியது கூறல் என்று சொல்லலாமா?

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் வகை செவ்வகம், பஞ்சு போல லேசு. லியேஜ் வகைக்கு ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த கெட்டி மாவு; அதில் கலந்த முத்துச் சர்க்கரை சூட்டில் உருகி, ஓரமெல்லாம் மொறுமொறுக்கும்.

வீட்டில் சுடுபவர்களுக்கு ஒன்று: அச்சு நன்றாகக் காய்ந்த பிறகே மாவை ஊற்றுங்கள், ஆவி அடங்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.