ஒரு பலகையில் சயாம் மரண ரயில்: டயோரமா வழியாக வரலாறு படிப்போம்

படிவம் 4 வரலாற்றில் இரண்டாம் உலகப் போரும் ஜப்பானியர் ஆட்சியும் வருகின்றன. அந்தப் பாடத்துக்குச் செயல்திட்டம் கொடுத்தால், கைவேலையில் ஆர்வமுள்ள மாணவர்கள் ஒரு டாங்கி, ஒரு போர் விமானம், இல்லாவிட்டால் ஒரு பாலம் செய்து கொண்டு வருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் "இதைச் செஞ்சதுல வரலாறு என்ன தெரிஞ்சுகிட்ட?" என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. டயோரமா செய்வதையே ஆதாரம் தேடும் பயிற்சியாக மாற்ற முடியும். அதற்கு எடுத்துக்காட்டாக, நம் தோட்டத்து மக்களை நேரடியாகத் தொட்ட சயாம்–பர்மா ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம்.

டயோரமா என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட இடத்தை, ஒரு குறிப்பிட்ட நேரத்தில், சிறிய அளவில் கட்டிக் காட்டுவதுதான் டயோரமா. இந்தச் சொல்லைப் பரப்பியவர் பிரான்சின் லூயி டாகர். 1822இல் பாரிசில் பெரிய ஓவியத் திரைகள்மேல் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பாய்ச்சி மக்களை வியக்க வைத்தார். பின்னால் அருங்காட்சியகங்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன.

போர் டயோரமாக்களுக்குப் பேர்போன இடம் கன்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகம். முதல் உலகப் போரின் வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் அதற்கு வழிகாட்டியவர். சிற்பி வாலஸ் ஆண்டர்சனும் ஓவியர் லூயி மக்கபினும் போர் நடந்த நிலத்தையே நேரில் போய்ப் பார்த்து, வரைந்து, அளந்து வந்த பிறகுதான் மாதிரி செய்தார்கள். மாணவர்கள் கவனிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான். முதலில் ஆதாரம், அப்புறம்தான் களிமண்.

பாதையைப் பற்றிச் சில உண்மைகள்

1942இல் பர்மாவைப் பிடித்த ஜப்பானியப் படைக்கு உணவும் ஆயுதமும் கடல் வழியாகப் போய்ச் சேர வேண்டியிருந்தது. நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் அந்தக் கடல் வழி ஆபத்தானது. அதனால் சயாமின் நொங் பிளாடுக்கில் இருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942இல் வேலை தொடங்கியது. 1943 அக்டோபரில் இரண்டு பக்கப் பாதையும் சந்தித்தன. நடுவில், 1943இல், வேலையை விரட்டி முடுக்கிய சில மாதங்களைப் போர்க்கைதிகள் 'ஸ்பீடோ' காலம் என்றே அழைத்தார்கள். அதே மாதங்களில்தான் பருவமழையும் காலராவும் சேர்ந்து வந்தன.

வேலை செய்தவர்கள் யார்? பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் குறைந்தது 180,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பல இனத்தவர். அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று கணிக்கப்படுகிறது. கைதிகளில் ஐந்தில் ஒருவர் இறந்தார் என்றால், ஆசியத் தொழிலாளர்களில் பாதிப் பேர்.

மலாயாவில் இருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய், தோட்டத்தில் வேலையில்லாமல், அரிசியும் கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வாழ்ந்த நேரம் அது. முதலில் சம்பளமும் சாப்பாடும் உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்துக்கொண்டே போனார்கள். மூடிய சரக்கு வண்டியில் பான் பொங் வரைக்கும் பயணம், அங்கிருந்து காட்டுக்குள் நடை.

அளவுத்திட்டம்: கணக்குப் போட்டுப் பாருங்க

இராணுவ மாதிரிகளுக்கு அதிகம் பயன்படும் அளவு 1:35. அதாவது உண்மையில் 35 சென்டிமீட்டர் நீளமுள்ள பொருள், மாதிரியில் 1 சென்டிமீட்டர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 4.7 சென்டிமீட்டர் பொம்மையாகிறார்.

40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் உள்ள பலகையை எடுத்தால், உண்மையில் 14 மீட்டருக்குப் பத்தரை மீட்டர் நிலம்தான் அதில் அடங்கும். முழுப் பாதையையும் இதே அளவில் கட்டினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளம் வரும்! ஆகவே 415 கிலோமீட்டரில் எந்த 14 மீட்டரை எடுக்கப் போகிறோம் என்பது நம் முதல் முடிவு.

தண்டவாளத்துக்கும் கணக்கு உண்டு. இந்தப் பாதை மீட்டர் அகலப் பாதை. 1:35இல் தண்டவாளங்களுக்கு இடையே 28.6 மில்லிமீட்டர் இருக்கணும். ஜப்பான் நாட்டின் பாதை அகலம் 1067 மில்லிமீட்டர். அதனால்தான் ஜப்பானியர்கள் 90 சி56 நீராவி என்ஜின்களின் சக்கர இடைவெளியைக் குறைத்துத் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள்.

எந்த இடம்? பாலம் மட்டும்தானா?

பெரும்பாலோர் கைவைப்பது குவாய் நதிப் பாலத்தில்தான். காரணம், 1957இல் வந்த ஆங்கிலத் திரைப்படம். அந்தப் படத்தின் மரப்பாலம் இலங்கையின் கித்துல்கலையில் கட்டப்பட்டது. காஞ்சனபுரியில் உண்மையில் இருந்தது ஜாவாவில் இருந்து கொண்டுவந்த இரும்புப் பாலம். அதன் பக்கத்தில் ஒரு மரப்பாலமும் இருந்தது. அந்த இடத்தில் ஓடிய ஆற்றின் பெயர்கூடப் படத்துக்குப் பிறகு, 1960இல்தான் குவே யாய் என்று மாற்றப்பட்டது.

இன்னொரு செய்தியும் இருக்கு. இப்போது சுற்றுலாப் படங்களில் தெரியும் பாலத்தில் வளைந்த சட்டங்களுக்கு நடுவே கோணலான இரண்டு சட்டங்கள் இருக்கும். அவை குண்டுவீச்சில் உடைந்த பகுதிக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைக்கப்பட்டவை. இன்றைய புகைப்படத்தை அப்படியே பார்த்து "1943" என்று மாதிரி செய்தால் தவறாகிவிடும். ஓர் ஆதாரம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கேட்பதுதான் மூல ஆய்வின் முதல் கேள்வி என்பதை மாணவர்களுக்கு இதைக்கொண்டே விளக்கலாம்.

நம் பலகைக்கு நான் பரிந்துரைப்பது, மழைக்காலத்தில் காட்டுக்குள் மண்மேடு எழுப்பும் காட்சி. பாதையின் பெரும்பகுதி அப்படித்தான் உருவானது. மண்ணை வெட்டினார்கள், சுமந்தார்கள், கொட்டினார்கள்.

பெட்டியில் இல்லாத ஆள்

இப்போதுதான் முக்கியமான சிக்கல் வருகிறது. மாதிரிக் கடைக்குப் போனால் ஜப்பானியச் சிப்பாய் கிடைப்பார். ஆங்கிலேய, அமெரிக்கச் சிப்பாய் கிடைப்பார்கள். டாங்கியும் லாரியும் கிடைக்கும். தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளி கிடைப்பது அரிது. பெட்டியில் இருப்பதை மட்டும் ஒட்டி வைத்தால் நம் பலகையில் வெள்ளைக்காரக் கைதியும் ஜப்பானியக் காவலரும் மட்டுமே நிற்பார்கள். பார்க்கிறவர்கள் அதுதான் முழு வரலாறு என்று நம்பிவிடுவார்கள்.

எண்ணிக்கையைப் பாருங்க. 60,000க்கு 180,000. நான்கு உழைப்பாளி பொம்மை வைத்தால் மூன்று பேர் ஆசியத் தொழிலாளியாக இருக்கணும். அதே சமயம் கைதிகளின் முகாமும் ஆசியத் தொழிலாளர் முகாமும் பெரும்பாலும் தனித்தனி. அதனால் ஒரே மண்மேட்டில் எல்லாரையும் கலந்து நிறுத்துவதைவிட, ஒரு தமிழ்த் தொழிலாளர் குழுவை மட்டும் காட்டுவது பொருத்தம். கோணிச் சாக்கில் இரண்டு மூங்கிலைச் செருகி மண் தூக்கும் இருவர், மண்வெட்டியுடன் ஒருவர், ஓரத்தில் காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர், மேட்டின்மேல் ஒரு ஜப்பானியப் பொறியாளர். ஐந்து உருவம் போதும்.

சிப்பாய் பொம்மையைத் தொழிலாளியாக மாற்றுவது இப்படி. முழங்காலிலும் இடுப்பிலும் கத்தியால் வெட்டி, மெல்லிய கம்பி செருகி, சுமையால் வளைந்த உடலாகத் திருப்பி ஒட்டணும். இடைவெளியை எபாக்சி புட்டியால் நிரப்பலாம். சிப்பாயின் தோளும் கையும் திரண்டிருக்கும். அரத்தால் தேய்த்து மெலிய வைக்கணும். பூட்ஸைச் செதுக்கி வெறுங்காலாக்குவதுதான் கஷ்டம். பொறுமையாகச் செய்யுங்க. வெள்ளைப் பசையில் நனைத்த டிஷ்யூ காகிதம் வேட்டியாகவும் தலைத்துண்டாகவும் ஆகும். உண்மையான கோணித் துணியை ஒட்டாதீங்க. 1:35இல் அதன் ஒவ்வோர் இழையும் கயிறு மாதிரித் தெரியும்.

வண்ணம் பூசுதல்

முதலில் பிரைமர். பிறகு அடிப்படை நிறம். 'தோல் நிறம்' என்று குப்பியில் விற்பது பெரும்பாலும் வெள்ளைக்காரர் தோல். அதைத் தொடாமல், கரும்பழுப்பில் கொஞ்சம் சிவப்புக் கலந்து தொடங்குங்க. மேடான இடங்களை வெளுக்க வெள்ளையைச் சேர்த்தால் தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். காவி நிறமோ ஆரஞ்சோ கலந்தால் உயிர் வரும். துணிக்குச் சுத்தமான வெள்ளை வேண்டாம். மாதக்கணக்கில் மழையிலும் சேற்றிலும் கிடந்த துணி மண் நிறத்தில்தான் இருக்கும். கடைசியில் நீர்க்கக் கரைத்த பழுப்பு வண்ணத்தை மடிப்புகளில் ஓடவிட்டு, காய்ந்ததும் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை லேசாக வருடணும்.

தண்டவாளத்தின் நிறத்திலும் வரலாறு இருக்கிறது. ஜப்பானியர்கள் மலாயாவின் கிழக்குக்கரை ரயில் பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்து அதன் தண்டவாளங்களை இங்கே கொண்டுவந்தார்கள். அதனால் தண்டவாளம் புதுசாகப் பளபளக்கக் கூடாது. பழைய துருவோடு இருக்கட்டும். அடியிலுள்ள சிலிப்பர் கட்டைகளோ அங்கேயே காட்டில் வெட்டியவை. அவற்றுக்குப் பச்சை மரத்தின் வெளிர் நிறம் கொடுங்க. மூங்கிலுக்கு விளக்குமாற்று ஈர்க்கு போதும். 2 மில்லிமீட்டர் ஈர்க்கு 7 சென்டிமீட்டர் மூங்கிலாகிவிடும். மணலையும் பசையையும் குழைத்துச் சேறு செய்து, ஈரம் தெரிய மேலே பளபளப்பு வார்னிஷ் பூசலாம்.

பிணங்களை அடுக்கிக் காட்ட வேண்டாம். இறந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அத்தாப்புக் கொட்டகையில் மூங்கில் படுக்கை ஒன்று காலியாக இருந்தால், பார்ப்பவர் புரிந்துகொள்வார்.

ஆதாரக் குறிப்பேடு

டயோரமாவோடு ஒரு குறிப்பேட்டையும் மாணவர் ஒப்படைக்கணும். அதில் மூன்று பத்தி: நான் வைத்த பொருள், அதற்கு ஆதாரம், அந்த ஆதாரத்தை உருவாக்கியவர் யார். இதை நிரப்பும்போதே ஓர் உண்மை தானாக வெளிவரும். ஜேக் சாக்கர் போன்ற கைதிகள் ஒளித்து வரைந்த படங்கள் இருக்கின்றன. அதிகாரிகள் எழுதிய நாட்குறிப்புகள் இருக்கின்றன. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. அவர்களைப் பற்றி நமக்கு மிஞ்சியவற்றில் பெரும்பகுதி, திரும்பி வந்தவர்களும் குடும்பத்தாரும் சொன்ன வாய்மொழிச் சாட்சியம். சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணி ஜப்பானியர் காலத்துக் குரல்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. நம் வீடுகளிலும் "சயாமுக்குப் போன தாத்தா" பற்றிப் பேச்சு இருக்கும். கேட்டு, தேதியோடு எழுதிக்கொள்ளச் சொல்லுங்க.

தேர்வுக்கும் இது உதவும். "ஆசியத் தொழிலாளர்களின் இறப்பு விகிதம் ஏன் அதிகம்?" என்ற கேள்விக்கு மாணவர் தன் பலகையைப் பார்த்தே காரணம் சொல்லலாம். கைதிகளுக்கு இராணுவ ஒழுங்கும் சொந்த மருத்துவர்களும் இருந்தார்கள். குடிநீரைக் கொதிக்க வைக்க, கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்ட, கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். பல தோட்டங்களில் இருந்து திரட்டப்பட்ட தொழிலாளர்களுக்கு அந்த அமைப்பு இல்லை. மருந்தும் எட்டவில்லை. காலரா வந்தபோது முகாம் முகாமாக மாண்டார்கள். இப்படி எழுதினால் எண்ணிக்கை, காரணம், ஒப்பீடு மூன்றும் விடையில் அமைந்துவிடும்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. டயோரமாவின் முன்புறம் "குவாய் நதிப் பாலம்" என்றோ "இரண்டாம் உலகப் போர்" என்றோ பொதுவாக எழுத வேண்டாம். "சயாம்–பர்மா ரயில் பாதை, 1943 மழைக்காலம். மண் சுமக்கும் மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள்" என்று எழுதுங்கள். வீட்டில் கேட்டு ஒரு பெயர் தெரிய வந்தால், குடும்பத்தாரின் சம்மதத்தோடு அந்தப் பெயரையும் அடியில் சேர்த்துவிடுங்கள்.