ஒரே துணி, இரண்டு பெயர்

1957 மார்ச்சில் கானா நாடு ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. அந்த ஆண்டின் கடைசியில் அதன் தலைவர் குவாமே நிக்ருமா, எகிப்தைச் சேர்ந்த ஃபாத்தியாவை மணந்தார். இதையொட்டி அங்குள்ள நெசவாளர்கள் ஒரு கெண்டே துணிக்கு 'ஃபாத்தியா ஃபாத்தா நிக்ருமா' என்று பெயர் வைத்தார்கள். நிக்ருமாவுக்கு ஏற்றவள் ஃபாத்தியா என்று அர்த்தம்.

1966 பிப்ரவரியில் ராணுவம் நிக்ருமாவின் ஆட்சியைக் கவிழ்த்தது. அதே துணிக்கு வேறு பெயர் வந்தது: 'ஒபாகோஃபோ ம்மு மான்'. ஒரே ஆள் நாட்டை ஆள்வதில்லை என்று பொருள். துணியின் நிறமோ கோடுகளோ மாறவில்லை, பெயர் மட்டும்தான் மாறியது!

கெண்டே என்பது கானாவின் அசாந்தே மக்களும் ஏவே மக்களும் நெய்யும் துணி. அசாந்தேக்களிடம் குமாசி நகருக்கு அருகிலுள்ள பொன்வீரே கிராமம் இதற்குப் பேர்போனது. தறி மிகவும் குறுகலானது. சுமார் 4 அங்குல அகலத்தில் நீண்ட பட்டைகளாக நெய்து, பிறகு பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பார்கள். ஓர் ஆண் போர்த்திக்கொள்ளும் துணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகள் வேண்டும். காடுகளில் வலை பின்னிய சிலந்தியைப் பார்த்துத்தான் இந்த நெசவைக் கற்றார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

பட்டு நூல் அங்கே விளைவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் அசாந்தே மன்னர் ஒப்போகு வாரே, ஐரோப்பிய வணிகர்களிடம் பட்டுத்துணி வாங்கி, அதை இழை இழையாகப் பிரித்து மறுபடி நெய்யச் செய்தார் என்று அந்தக் கடற்கரையில் இருந்த டேனிஷ்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். முழுத் துணியைக் காசு கொடுத்து வாங்கிப் பிரிப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் அவர்களுக்கு வேண்டியது துணி அல்ல, உள்ளூரில் கிடைக்காத அந்த நிறங்கள்.

நிறங்களுக்கு அர்த்தம் சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பொன்மஞ்சள் என்றால் அரச செல்வம், பச்சை என்றால் விளைச்சல், சிவப்பு என்றால் இரத்தமும் தியாகமும். இவை பொய்யில்லை. அசாந்தேக்கள் சாவு வீட்டுக்குச் சிவப்பும் கறுப்பும் உடுத்துவார்கள், மகிழ்ச்சிக்கு வெள்ளை. ஆனாலும் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கெண்டேயை அகராதி பார்ப்பதுபோலப் படித்துவிட முடியாது. அசாந்தே துணியின் பெயர் பெரும்பாலும் பாவு நூலின் கோடுகள் அமைந்த விதத்தைப் பொறுத்தது. ஊடையில் வரும் கேடயம், பீரங்கி போன்ற வடிவங்களுக்குத் தனிப் பெயர்கள் உண்டு.

'ஒயோகோமான்' என்ற துணியில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கோடு கோடாக ஓடும். ஒயோகோ என்பது அரச குலத்தின் பெயர். பேரரசை நிறுவிய ஒசெய் டுட்டு இறந்த பிறகு, அடுத்த மன்னர் யார் என்று அந்தக் குலத்துக்குள்ளேயே சண்டை மூண்டது. 'ஒயோகோ நாட்டில் நெருப்பு' என்று பொருள்படும் ஒரு துணிப்பெயர் அந்தச் சண்டையைத்தான் சொல்கிறது. அரச குடும்பத்தின் சொந்தச் சச்சரவே துணிக்குப் பெயராக நிலைத்துவிட்டது ஆச்சரியம்தான்.

இதே பாவின்மேல் இடைவெளியே விடாமல் ஊடை வடிவங்களை நிரப்பினால் அது 'அட்வேனியாசா'. என் திறமை எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நெசவாளியே சொல்வதுபோன்ற பெயர். 1960இல் கானா ஐ.நா. சபைக்குக் கொடுத்த கெண்டேயின் பெயர், ஒரு தலை மட்டும் ஆலோசனை சபை ஆகாது என்ற பழமொழி.

நெய்த துணியைவிட மலிவான அச்சுத் துணிகள் இப்போது வெளிநாட்டு ஆலைகளிலிருந்து வந்து குவிகின்றன. கெண்டே வடிவங்களைக் காக்க கானா 1985இலும் 2005இலும் சட்டம் போட்டது. ஆனால் உள்நாட்டுச் சட்டத்தைக் கொண்டு வேறொரு நாட்டிலுள்ள ஆலையை நிறுத்துவது எளிதல்ல. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கெண்டே நெசவுக்கலையை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அச்சு எந்திரம் கோடுகளையும் நிறங்களையும் அப்படியே எடுத்துக்கொள்கிறது, பெயரை விட்டுவிடுகிறது.