ட்விட்டரில் வளர்ந்த ஒரு கையேந்தி பவன்

2008-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி, அமெரிக்காவில் வேலைகள் மளமளவென்று போய்க்கொண்டிருந்த நேரம். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ராய் சோய் என்ற சமையல்காரரும் வேலை இழந்து நின்றார். வயது 38. சியோலில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்கா வந்தவர். முறையாகச் சமையல் படித்து, பெவர்லி ஹில்டன் என்ற நட்சத்திர ஓட்டலின் சமையலறையை நடத்தியவர்.

அவருடன் முன்பு வேலை பார்த்த மார்க் மாங்கேரா ஒரு யோசனையோடு வந்தார். கொரிய மசாலாவில் ஊறிச் சுட்ட மாட்டிறைச்சியை மெக்சிகோக்காரர்களின் டாக்கோவில் வைத்து விற்றால் என்ன? அதுவும் கடையில் அல்ல, வண்டியில்! நட்சத்திர ஓட்டல் சமையல்காரர் கையேந்தி பவனுக்கு இறங்குவது லேசான விஷயமா? அந்த ஊரில் இப்படிப்பட்ட வண்டிகளுக்குக் 'கரப்பான்பூச்சி வண்டி' என்றே கேலிப்பெயர் உண்டு. அதே 2008-இல்தான், டாக்கோ வண்டிகள் ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று கவுண்டி நிர்வாகம் சட்டம் போட்டு, அது நீதிமன்றத்தில் அடிபட்டுப் போயிருந்தது.

நவம்பரில் 'கோகி' வண்டி கிளம்பியது. கொரிய மொழியில் கோகி என்றால் இறைச்சி. இரவு விடுதிகளின் வாசலில் நிறுத்திப் பார்த்தார்கள். வியாபாரம் மந்தம்தான். வாசலில் நின்ற காவலாட்களுக்குச் சும்மா கொடுத்து ருசி காட்ட வேண்டியிருந்தது.

வண்டிக் கடைக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காது. போலீஸ் வந்து கிளப்பினால் அரை மணியில் வேறு தெரு. தேடி வந்தவர் ஏமாந்து திரும்புவார். இதற்குத்தான் ட்விட்டர் கை கொடுத்தது. 2006-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் அப்போது 140 எழுத்துகளுக்கு மேல் எழுத முடியாது. ஆனால் "இன்ன தெருமுனை, இத்தனை மணி" என்று சொல்ல அது தாராளமாகப் போதும். இடம் மாறினால் உடனே இன்னொரு வரி. செல்போனில் படித்தவர்கள் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். கல்லூரி விடுதிகளின் பக்கம் நூற்றுக்கணக்கில் வரிசை நின்றது. எந்த நாளிதழ் விளம்பரம் இதைச் செய்திருக்கும்? இன்றைய இடத்தை நாளைக் காலையில்தானே அச்சிட முடியும்!

எல்லாப் புகழும் ட்விட்டருக்கே என்று பலர் எழுதிவிட்டார்கள். அது பாதி நியாயம்தான். ஒரு டாக்கோ இரண்டு டாலர். கையில் காசில்லாத காலத்தில் ஓட்டல் தரத்துச் சாப்பாடு அந்த விலைக்குக் கிடைத்தது. ருசி இல்லாவிட்டால் ஒரு முறை வந்தவர் மறுமுறை எதற்கு வரிசையில் நிற்கப் போகிறார்?

2009-இல் நியூஸ்வீக் முதலிய பத்திரிகைகள் எழுதின, வண்டிகளும் பெருகின. பார்த்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு ட்விட்டர் கணக்கு! வாடகை கொடுத்துக் கடை நடத்திய வில்ஷயர் சாலை உணவகக்காரர்கள், "எங்கள் வாசலில் வந்து நின்று எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்" என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

2010-இல் 'ஃபுட் அண்ட் ஒயின்' பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த புதிய சமையல் கலைஞர்கள் பட்டியலை வெளியிட்டது. அதில் ராய் சோயின் பெயரும் இருந்தது. வண்டிக் கடைக்காரர் ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை.