இயற்கைவழித் தேனீ வளர்ப்பு

இயற்கைவழித் தேனீ வளர்ப்பு என்பது தேனீக்களின் இயல்பான வாழ்க்கை முறைக்கு இயன்றவரை இடையூறு செய்யாமல், அந்தந்தப் பகுதிக்குரிய தேனீ இனங்களை வளர்த்து, அவற்றின் தேவைக்கு மிஞ்சிய தேனை மட்டும் எடுத்துக்கொள்ளும் வளர்ப்பு முறை ஆகும். தேன் விளைச்சலை உயர்த்துவதைக் காட்டிலும் தேனீக் கூட்டத்தின் உடல்நலமும் நிலைபேறும் இதில் முதன்மை பெறுகின்றன. தென்னிந்தியாவில் இம்முறை பெரும்பாலும் இந்தியத் தேனீயைச் சார்ந்தது. இது அடுக்குத் தேனீ என்றும் அழைக்கப்படும்.

வரலாறு

மண்பானை, மரப்பொந்து, சுவர்க்குழி ஆகியவற்றில் தேனீக்களைக் குடியேற்றும் வழக்கம் இந்தியாவில் நெடுங்காலமாக உள்ளது. இமயமலைப் பகுதிகளில் வீட்டுச் சுவரிலேயே தேனீக்களுக்கு அறை விட்டுக் கட்டுவர். இவ்வகைக் கூடுகளில் தேன் எடுக்க அடையை அறுக்க வேண்டியிருந்ததால் புழுக்களும் அழிந்தன.

அடைகளுக்கு இடையே தேனீக்கள் விட்டுவைக்கும் இடைவெளியை அடிப்படையாகக் கொண்டு, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்களை உடைய பெட்டியை அமெரிக்கரான இலாங்சுட்ராத் உருவாக்கி 1852-இல் காப்புரிமை பெற்றார். உருவில் சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்ற பெட்டியைப் பாதிரியார் நியூட்டன் 1910-களில் தென்னிந்தியாவில் வடிவமைத்தார். அது அவர் பெயராலேயே நியூட்டன் பெட்டி எனப்படுகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் இசுபென்சர் ஏட்ச் தலைமையில் இயங்கிய ஒய். எம். சி. ஏ. ஊரக மேம்பாட்டு மையம் இத்தொழிலைச் சிற்றூர் மக்களிடையே பரப்பியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் தேனுக்குப் பெயர் பெற்றதற்கு இது ஒரு முதன்மைக் காரணமாகும்.

பைப்புழு நோயும் அதன் படிப்பினையும்

1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட தாய் பைப்புழு நோய், 1991-ஆம் ஆண்டிலிருந்து தென்னிந்தியாவில் வேகமாகப் பரவியது. இது ஒரு தீநுண்மத்தால் உண்டாவது. நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பை போல ஆகி இறந்துவிடும். அதன் தலைப்பகுதி படகின் முனை போல மேல்நோக்கி நிற்கும். கேரளம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மாநிலங்களின் பல பகுதிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் அழிந்ததாக மதிப்பிடப்பட்டது. தேனை நம்பியிருந்த குடும்பங்கள் வருவாய் இழந்தன.

தீநுண்ம நோய் என்பதால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இதற்குப் பயன்படவில்லை. நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களிலிருந்து புதிய கூட்டங்களைப் பெருக்கியதே இந்தியத் தேனீ வளர்ப்பு மீண்டெழ உதவியது. சிலர் மிகுதியான தேன் தரும் இத்தாலியத் தேனீக்கு மாறினர். வலிமையான கூட்டங்கள் தாமாகவே தேர்ந்து நிற்க இடமளிக்க வேண்டும் என்னும் இயற்கைவழி வளர்ப்பாளரின் கருத்துக்கு இந்நிகழ்வு ஒரு சான்றாகும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமசு சீலி, ஆர்னாட்டு காட்டில் வாழும் மேலைத் தேனீக்களை ஆராய்ந்தார். வரோவா உண்ணி பரவிய பின்னரும் அக்காட்டுத் தேனீக்கள் மருந்தின்றி நிலைத்திருந்தன. இவ்வுண்ணியின் முதல் ஓம்புயிர் ஆசியத் தேனீயே. அதில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீப் புழுவறைகளில் மட்டுமே பெருகுவதால், கூட்டத்துக்குப் பெருங்கேடு நேர்வதில்லை.

முறைகள்

* அயலினத் தேனீக்களைத் தவிர்த்து, உள்ளூர் இனத்தையே வளர்த்தல்.
* அறுகோண அச்சிட்ட மெழுகுத் தாளை முழுமையாகப் பொருத்தாமல், சட்டத்தின் மேற்பகுதியில் சிறு மெழுகுப் பட்டை மட்டும் வைத்துத் தேனீக்கள் தாமே அடை கட்ட விடுதல்.
* புழு வளர்ப்பு அறையில் உள்ள தேனைத் தொடாமல், மேலுள்ள தேன் அறையிலிருந்து மட்டும், அதுவும் மெழுகால் மூடப்பட்ட அடைகளிலிருந்து தேன் எடுத்தல். மூடப்படாத தேனில் நீர் மிகுந்திருப்பதால் அது எளிதில் புளித்துவிடும்.
* பெட்டிகளை ஒரே இடத்தில் நெருக்கமாக வைக்காமல் பரவலாக வைத்தல். ஒரு கூட்டத்தின் அடைகளை மற்றொன்றுக்கு மாற்றாதிருத்தல்.
* பழைய கரிய அடைகளை அவ்வப்போது நீக்குதல். இவற்றில் மெழுகு அந்துப்பூச்சி எளிதில் பற்றும்.

பருவமும் உணவும்

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் சனவரி முதல் மார்ச் வரையிலான காலமே முதன்மையான தேன் பருவம். இத்தேன் பூவிலிருந்து கிடைப்பதன்று. இளம் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து கிடைப்பது. அதில் மகரந்தம் இல்லை. எனவே தென்னை, புளி, முருங்கை போன்ற மரங்களும் களைச்செடிகளும் அருகில் இருத்தல் வேண்டும். சூன் முதல் ஆகத்து வரையிலான மழைக்காலத்தில் உணவு குறையும். அப்போது பட்டினியுற்ற இந்தியத் தேனீக்கள் கூட்டைத் துறந்து சென்றுவிடும். போதிய தேனை விட்டுவைப்பதே இதற்குத் தீர்வு. இயலாதபோது சர்க்கரைக் கரைசல் தரப்படுகிறது.

தொடக்கநிலை வளர்ப்பாளர்

ஒரு கூட்டத்தின் நிலையை மற்றொன்றோடு ஒப்பிட இயலும் என்பதால் இரண்டு கூட்டங்களுடன் தொடங்குவது நன்று. பெட்டியை நிழலில், நீர்நிலைக்கு அருகில் வைக்க வேண்டும். எறும்பு ஏறாதிருக்கத் தாங்குகாலைச் சுற்றி நீர்க்கிண்ணம் அமைப்பர். முதலில் நுழைவாயிலைக் கவனிக்கக் கற்க வேண்டும். மகரந்தம் சுமந்து வரும் தேனீக்கள் உள்ளே புழு வளர்ப்பு நடைபெறுவதைக் குறிக்கும். வாயிலில் இறந்த புழுக்கள் கிடப்பது நோயின் அறிகுறியாகலாம்.

குறைபாடுகள்

இந்தியத் தேனீக் கூட்டம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ தேன் தரும். இத்தாலியத் தேனீ இதைப்போல் பலமடங்கு தரும். ஆகவே தேனை மட்டுமே வருவாயாகக் கொண்டோருக்கு இம்முறை போதாதென்ற கருத்து உண்டு. பயிர்களின் மகரந்தச் சேர்க்கையால் கிடைக்கும் பயன் இக்கணக்கில் சேர்வதில்லை. மேலும், இயற்கைவழி என்பது கவனியாது விடுதல் அன்று. நோயுற்ற கூட்டத்தை அப்படியே விட்டுவைத்தால் அது அண்டையிலுள்ள கூட்டங்களுக்கும் நோயைப் பரப்பும்.