ரொட்டி விலையும் ஏழையர் கூலியும்
வறுமை ஒழிப்பில் ஒரு சரித்திரப் பாடம்

ஏழை, செல்வர் என்னும் வேறுபாடின்றிக் குடிமக்கள் அனைவர்க்கும் அடிப்படை வருமானத்தை அரசே வழங்கவேண்டும் என்னும் கருத்து இன்று பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது. 'உழையாமல் வரும் பணம் மக்களைச் சோம்பேறிகளாக்கும்' என்னும் மறுப்பும் உடன் எழுகிறது. இம்மறுப்புக்குச் சான்றாகப் பலர் காட்டுவது இங்கிலாந்தின் ஸ்பீனம்லாந்து முறையாகும். அதன் குறை எங்கே இருந்தது என்பதை அறிதல் நலம்.

பெலிக்கன் விடுதிக் கூட்டம்

1793இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. விளைச்சலும் குன்றவே, 1795இல் கோதுமை விலை பெரிதும் உயர்ந்தது. கூலியோ அதற்கேற்ப உயரவில்லை. ரொட்டியை நம்பி வாழ்ந்த பண்ணைத் தொழிலாளர் பசியால் வாடினர்.

அவ்வாண்டு மே 6ஆம் நாள், பெர்க்ஷயர் வட்டாரத்து மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீனம்லாந்து என்னும் ஊரில் பெலிக்கன் விடுதியில் கூடினர். கூலியைத் தாமே நிர்ணயிக்க அவர்கள் உடன்படவில்லை. கூலியை உயர்த்துமாறு பண்ணையாளர்களைக் கேட்டுக்கொண்டு, ஏழையர்க்கு ஓர் உதவித் திட்டத்தை வகுத்தனர். 8 ராத்தல் 11 அவுன்ஸ் எடையுள்ள ரொட்டி ஒரு ஷில்லிங் விற்கும்போது, உழைப்பாளி ஒருவனுக்கு வாரம் 3 ஷில்லிங்கும், மனைவிக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவர்க்கும் ஒன்றரை ஷில்லிங்கும் கிடைக்கவேண்டும். ரொட்டி விலை ஏற இத்தொகையும் ஏறும். கூலி இவ்வளவுக்குக் குறைந்தால், குறையை ஊர் வரிப்பணம் ஈடுசெய்யும்.

எண்ணம் நல்லதே. ஆனால் முதலாளி குறைந்த கூலி கொடுத்தாலும் எஞ்சியதை ஊரார் கொடுப்பர் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று. தொழிலாளரை அமர்த்தாத சிறு நிலக்காரரும் அவ்வரியைச் சுமந்தனர். உதவி உழைப்பாளிக்கெனினும், அதன் பயனில் ஒரு பகுதி முதலாளிக்குச் சென்றது.

1834ஆம் ஆண்டுத் தீர்ப்பு

பின்னர் அமைந்த அரசாங்க ஆணைக்குழு, இம்முறை ஏழையரைச் சோம்பேறிகளாக்கியது என்று கூறிற்று. 1834இல் புதிய ஏழையர் சட்டம் வந்தது. உடல் வலிமையுள்ளோர் உதவி பெற விரும்பின் உழைப்பு விடுதிக்குள் புகவேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் பிரித்து வைக்கப்பட்டனர்.

1963இல் மார்க் பிளாக் என்னும் பொருளியல் அறிஞர் அப்பழைய தீர்ப்பை மறுத்தார். உதவியால் கூலி குறைந்தது என்பதைவிட, கூலி குறைந்தும் பருவந்தோறும் வேலையற்றும் கிடந்த இடங்களில்தான் உதவி தேவைப்பட்டது என்பது அவர் ஆராய்ச்சியின் முடிவு. நோய்க்குக் கொடுத்த மருந்தையே நோயின் காரணமாகக் கருதிவிட்டனர் என்பது இதனால் விளங்கும்.

பெயின் காட்டிய வழி

ஸ்பீனம்லாந்துக் கூட்டத்துக்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1797இல், தாமஸ் பெயின் வேறொரு வழியைக் காட்டினார். நிலம் இயற்கையில் மனிதர் அனைவர்க்கும் பொதுவுடைமை. அதனைத் தனியுடைமையாக்கியோர் ஏனையோர்க்கு ஈடு தரக் கடமைப்பட்டவர் என்றார் அவர். 21 வயதடைந்த ஒவ்வொருவர்க்கும் 15 பவுனும், 50 வயதடைந்தோர்க்கு ஆண்டுதோறும் 10 பவுனும், வாரிசுச் சொத்தின்மீது விதிக்கும் வரியிலிருந்து வழங்கவேண்டும் என்பது அவர் திட்டம். இது செல்வர்க்கும் உண்டு, ஏழைக்கும் உண்டு. இதனைத் தருமம் என்று கூறாது உரிமை என்று கூறினார் பெயின்.

அவர் காலத்தில் அது நிறைவேறவில்லை. எனினும் அக்கருத்தை ஒத்த ஓர் ஏற்பாடு அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் அமைந்தது. எண்ணெய் வருவாயில் ஒரு பகுதியைச் சேமிக்க 1976இல் அங்கே நிரந்தர நிதி நிறுவப்பட்டது. 1982இல் தகுதிபெற்ற குடியிருப்பாளர் ஒவ்வொருவர்க்கும் முதன்முறையாக 1,000 டாலர் பங்கு கிடைத்தது. அத்தொகை மட்டும் வாழ்க்கைக்குப் போதாது. எனினும் எவர் கூலியையும் நோக்காமல் வழங்கப்படுவதால், அதைக் காரணங்காட்டி ஒரு தொழிலாளியின் கூலியை அவனுடைய முதலாளி ஊரார் தலையில் சுமத்த இடமில்லை.

ஆகவே, ஏழைக்குப் பணம் கொடுக்கலாமா என்று மட்டும் கேட்பது போதாது. அது கூலியின் குறையை மூடும் ஒட்டுத்துணியா, பொதுச்செல்வத்தில் அவனுக்குரிய பங்கா என்பதையும் கேட்டல் வேண்டும். ஸ்பீனம்லாந்து முறையின் குறை கொடுத்ததில் இல்லை. நியாயமான கூலியை வற்புறுத்தாது கொடுத்ததில்தான் இருந்தது.