கண்டதும் விண்டதும்

இருளில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வளையம் ஒன்று தோன்றும். அதனைக் கொள்ளிவட்டம் என்பர். அங்கே வளையம் இல்லை. முன்பு கண்ட ஒளி கண்ணைவிட்டு அகலுமுன் கொள்ளி மீண்டும் அவ்விடம் வந்துவிடுகிறது. இவ்வொளி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பிரான்சில் வாழ்ந்த தார்சி என்பார் 1765-இல் எரியும் கரியைச் சுழற்றி அளந்தார். விடை, விநாடியில் 60-இல் 8 பங்கு.

ஒளி தங்குவது ஒன்று. கண்டதைச் சொல்வது மற்றொன்று. ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஜெவன்சு, கருநிற அவரை விதைகளைப் பெட்டியில் எறிந்து, ஒரே பார்வையில் அவற்றின் எண்ணிக்கையைக் கூறிப் பார்த்தார். இவ்வாறு 1,027 முறை செய்து, 1871-இல் முடிவை வெளியிட்டார். மூன்று, நான்கு விதைகளில் பிழையே இல்லை; ஐந்தில் பிழை தொடங்கியது. இதைப் படிப்போர், ஒரு நோக்கில் மனம் காண்பதே நாலைந்துதான் என எண்ணுதல் இயல்பு.

அவ்வெண்ணத்தை 1960-இல் அமெரிக்க உளவியலார் சார்சு சுபெர்லிங் மாற்றினார். ஆய்வுக்கு உட்பட்டோர், தாம் சொல்ல முடிந்ததைவிட மிகுதியாகக் கண்டதாகக் கூறிவந்தனர். அதனை அவர் சாக்கென்று தள்ளவில்லை. வரிக்கு நான்காக மூன்று வரிகளில் 12 எழுத்துகளை விநாடியின் 20-இல் ஒரு பங்கு நேரமே காட்டினார். அனைத்தையும் சொல்லச் சொன்னபோது நாலைந்தே வந்தன. பின்னர், எழுத்துகள் மறைந்த பிறகு ஓர் ஒலி எழுப்பினார்: உயர்ந்த ஒலியெனின் மேல்வரி, இடையொலியெனின் நடுவரி, தாழ்ந்ததெனின் கீழ்வரி. எவ்வரியைக் கேட்டாலும் நான்கில் மூன்றைச் சொன்னார்கள். எவ்வரி கேட்கப்படும் என்று முன்னரே அறியாராதலின், ஏறத்தாழ ஒன்பது எழுத்துகள் மனத்தில் இருந்திருக்கவேண்டும்! ஒலியை ஒரு விநாடி தாழ்த்தியபோதோ அம்மிகுதி மறைந்தது. முதல் நான்கைச் சொல்வதற்குள் எஞ்சியவை கரைந்துவிடுகின்றன என்பது தெளிவாயிற்று.

பயிற்சி ஆசிரியனாக இருந்த நாளில் நான் சொல்லட்டைகளைச் சட்டெனக் காட்டித் திருப்பிவிடுவேன். ஒருநாள் ஒரு சிறுவன், “பார்த்தேன் ஐயா, சொல்வதற்குள் போய்விட்டது” என்றான். கவனமில்லாதவன் பொய்யும் சொல்கிறான் என்று கடிந்து அவனை நிற்கவைத்தேன். பல்லாண்டு கழித்துச் சுபெர்லிங்கின் ஆய்வைப் படித்தபோது அவன் முகமே நினைவிற்கு வந்தது. அறிஞர் அளந்து கண்டதை அவன் தன் அனுபவமாகவே சொல்லியிருந்தான்!

கரும்பலகைப் பாடம் விநாடிக் கணக்கில் மறைவதன்று. அதற்கு இவ்வாய்வு அப்படியே பொருந்தாது. ஆயினும் ஆசிரியர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. மாணவன் சொன்னதைக் கொண்டு அவன் கண்டதை அளத்தல் தவறு. முழுவதையும் ஒருங்கே கேளாமல், ஒரு பகுதியை உடனே கேட்டுப் பாருங்கள். அவன் கண்டது நமக்கும் தெரியவரும்.